ரவை ஒன்றின் அடக்கவிலை

ரோஸ்மீட் பிளேஸ் வீட்டில்
தெஹிகம மாத்தையா மேசைமேல் கொட்டினார்
பிஸ்கட் பேணி நிறைய வெற்றுக் கோதுகள்.
பித்தளை. கழுவி மினுக்கியவை.
"கடை விலைக்குக் கட்டாது, ஐசே.
வீட்டிலேயே நிரப்பினால் ஒன்று எவ்வளவு விழும்?
கிளப்பில் காட்ட வேணும், ஒழுங்காப் போட்டுத் தாரும்.
மாதிரிக்கு ஒன்றைக் கொண்டுபோம்."

அனுமதி கிடைக்குமா என்பது என் கேள்வி இல்லை.
நான் அடக்கவிலைக் கணக்காளன்.
றப்பர் செருப்புக்குப் போட்டிருக்கிறேன்,
மீன் ரின்னுக்கு,
ஒருமுறை சவப்பெட்டிக்கும்.

ஈயம், மருந்து, பிரைமர்: மாறும் செலவு.
கைப்பிடி யந்திரம்: பத்து வருடத் தேய்மானம்.
கோது எட்டுத் தரம் உழைக்கும் என்றார்,
எட்டால் பிரித்தேன்.
"உங்கள் நேரம், சேர்?"
"அது பொழுதுபோக்கு. பூச்சியம் போடும்."
போட்டேன்.

முந்நூற்றெண்பதாக இருந்தது
நூற்றியெழுபத்தொன்றுக்கு இறங்கியது.
மனுசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அப்ப மாதம் இருநூறுக்குப் பதிலா
ஐந்நூறு சுடலாம்!"
மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தேன்.
முன்னையதைவிட ஒன்பதாயிரத்து ஐந்நூறு கூட.
கேட்டால் சொல்லியிருப்பேன்.

ஹம்டன் லேன், இரண்டாம் மாடி.
தேவமலர் என் கொப்பியைப் புரட்டினாள்.
"ரவை ஒன்று நூற்றியெழுபத்தொன்றா?
கிலோவோ, பக்கற்றோ?"
பள்ளியில் தமிழ் படிப்பித்தவள்.
உப்புமாவுக்கு வல்லின றானா என்று
திருத்தப் பேனை எடுத்தவள்
அடுத்த வரியைப் படித்தாள்:
ஈயம், கிராம் கணக்கில்.
பேனையை மூடி வைத்துவிட்டாள்.

ஒன்றும் கேட்கவில்லை.
சேட்டைத் தோய்க்கக் கொண்டுபோனாள்.
குளியலறைத் தரையில்
குத்திக் காசு விழுந்த சத்தம்.

கத்தவில்லை அவள்.
முன்கதவைப் பூட்டினாள்,
கடற்பக்க யன்னலையும் சாத்தினாள்,
அந்த வெக்கையில்.

கொட்டாஞ்சேனை லொட்ஜில்
அவள் தம்பி சுகிர்தனிடம் பிடிபட்டது
ஒரு டோர்ச் பற்றரி, இரண்டு முழ வயர்.
பூசாவில் பதினொரு மாதம்.
சட்டத்தரணிக்கு இரண்டு சோடிக் காப்பு.
இன்றைக்கும் ஸ்காபரோவில்
வாசலைப் பார்த்துத்தான் அவன் சாப்பாட்டுக்கு இருக்கிறான்.

"இது வெறும் கோது. உள்ளுக்கு ஒன்றுமில்லை" என்றேன்.
"பற்றரிக்குள்ளயும் ஒன்றும் இருக்கேல்ல" என்றாள்.

கால்வாயில் எறியலாம்.
இரவு பதினொரு மணிக்குத் தண்ணீரில்
எதையோ எறிகிற தமிழனை
எந்த மாடியிலிருந்தாவது ஒருத்தர் பார்ப்பார்.
கக்கூசில் போட்டால் அடைக்கும்,
ஆள் வந்து தோண்டுவான்.
குப்பையைப் பூனை கிளறும்.
இரண்டு மணிவரை இப்படியே.
கடைசியில் பால்மா உறைக்குள் சுற்றி
அரிசி வாளியின் அடியில் வைத்தாள்.

விடிய, ஓட்டோவில் தும்முல்லைச் சந்தி.
காவலரண் போய் எத்தனையோ வருடம்.
ஆனாலும் வலக்கை தானாகவே
அடையாள அட்டையைத் தேடியது.
இடக்கை மற்றப் பொக்கற்றைப் பொத்தியது.

"இந்த ஒரு கோதுக்காகவா வந்தீர்?"
மாத்தையாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.
"என்னட்ட வாளிக்கணக்கில கிடக்கு."
"இருப்புச் சரிவர வேணும், சேர்."

தாளின் கடைசி வரி புதிது:
போக்குவரத்து, போய்வர, ஆயிரத்து நூற்றிருபது.
"இதென்ன?"
"மறைமுகச் செலவு."
தலையாட்டிவிட்டு ஒப்பமிட்டார்.

பின்னேரம் வீடு திரும்பினேன்.
முன்கதவு பூட்டியிருந்தது.
குரல் கொடுத்த பிறகுதான் திறந்தாள்.
உள்ளே, பேப்பரில் அரிசி முழுவதும் கொட்டிக் கிடந்தது.
ஒரு தரம் புடைத்தாயிற்றாம்.
சுளகை எடுத்துக்கொண்டு
திரும்பவும் இருந்தாள்.